ராசா முகம் போட்ட மெடல்

அன்பு மகனுக்கு,

அம்மாவின் சலாம். நலமா என்று கேட்டு ஒரு வரியை வீணாக்கப் போவதில்லை. இன்று காலை போனில் "கெடச்சிடுச்சும்மா" என்றாயே, அந்த ஒரு வார்த்தையிலேயே உன் நலமும் உன் வீட்டு நலமும் எனக்குத் தெரிந்துவிட்டது. போனை வைத்துவிட்டு அடுப்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். பால் பொங்கி வழிந்தது. உன் அத்தா ஓடி வந்து அடுப்பை அணைத்தார். "இன்னா ஆச்சு, யாருக்கு இன்னா?" என்று பதறினார். "ஒண்ணும் இல்ல, ராசா கெடச்சிட்டாரு" என்றேன். "அதுக்கா இப்டி குந்திகினு கீற?" என்று திட்டிக்கொண்டே அவரும் என் பக்கத்தில் உட்கார்ந்தார். மனசு அவ்வளவு லேசாக இருந்தது.

நேற்று மாலை நிலைமையே வேறு. என் மருமகள் ஷமீமா கழுத்தில் போடுகிற மெடலைக் காணோம் என்று போன் செய்தாய். செய்தியைச் சொன்ன அதே மூச்சில் தீர்ப்பையும் சொல்லிவிட்டாய். "வசந்தாதாம்மா எடுத்திருப்பா. வூட்டுக்குள்ள வேற யாரு வரா? இப்பவே போயி அவளை நாலு வார்த்த கேட்டுட்டு வரேன்." உங்கள் வீட்டில் பாத்திரம் தேய்த்து, துணி துவைத்துப் போடுகிற பெண். பொத்தேரியில் உங்கள் தெருவுக்குப் பின்னால்தான் அவள் குடியிருக்கிறாள். நீ செருப்பை இழுத்து மாட்டுகிற சத்தம்கூட எனக்குக் கேட்டது. அப்போது நான் போட்ட கூச்சலில் எதிர்வீட்டுக்காரி ஜன்னலைத் திறந்து எட்டிப் பார்த்தாள். "படி எறங்கினேன்னா இனிமே என்கிட்ட பேசாத. பாத்தியான்னு கேக்கலாம், எடுத்தியான்னு கேக்கக் கூடாது. ரெண்டுக்கும் வித்தியாசம் புரியற வரைக்கும் வாயத் தெறக்காத" என்றேன். ஒரு பிள்ளைக்குத் தகப்பனான உன்னை அப்படி அதட்டியது எனக்கே பிறகு சங்கடமாக இருந்தது. நீ கோபத்தில் போனை வைத்தாய். ஆனாலும் படி இறங்கவில்லை. அதற்காக உன் நெற்றியில் ஒரு முத்தம் கொடுக்க வேண்டும், நேரில் வரும்போது.

"வசந்தா உனக்கு சொந்தமா, பந்தமா? ஏம்மா அப்படிக் கத்தின?" என்று இன்று கேட்டாய். போனில் பதில் சொன்னால் நடுவில் நீ பேசுவாய். உன் அத்தா பக்கத்தில் நின்றுகொண்டு திருத்தம் சொல்வார். கடிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது, அதனால்தான் எழுதுகிறேன். பொறுமையாகப் படி. இது உன் கல்யாணக் கதை. மாப்பிள்ளையாக உட்கார்ந்திருந்த உனக்கு மட்டும்தான் இது தெரியாது.

மெடலின் கதையை நீ சின்ன வயதிலேயே கேட்டிருக்கிறாய், மறந்தும் இருப்பாய். என் அத்தாவின் அத்தா சதுரங்கப்பட்டினத்துக் கரையில் படகு விட்டவர். வெள்ளைக்காரன் காலத்தில் ஒருநாள் கடல் கொந்தளித்து, ஒரு கப்பல் கரை தட்டி நின்றுவிட்டது. யாரும் இறங்கத் துணியாத அலையில் அவர் படகை இறக்கி, ஆட்களைக் கரை சேர்த்தாராம். கப்பல்காரர்கள் அவரைக் கூப்பிட்டு அனுப்பி இந்தத் தங்க மெடலைக் கொடுத்தார்கள். ஒரு பக்கம் தாடி வைத்த ராசா முகம், மறு பக்கம் படகும் அலையும். சட்டையே போடாத மனுஷன் மெடலை எங்கே குத்திக்கொள்வார்? ஆசாரியிடம் கொடுத்து ஒரு வளையம் வைத்து, பெண்டாட்டியின் கல்யாணக் கருகமணியில் தொங்கவிட்டுவிட்டார். அன்றிலிருந்து நம் குடும்பத்தில் ஒருத்தி கழுத்திலிருந்து அடுத்தவள் கழுத்துக்கு அது போய்க்கொண்டிருக்கிறது. என் நிக்காஹ் அன்று என்னிடம் வந்தது. அதற்குள் ராசாவின் மூக்கு பாதி தேய்ந்திருந்தது.

மூக்கு தேய்ந்தாலும் முகம் முகம்தானே. தொழப் போகும்போது அதைக் கழுத்தில் வைத்துக்கொள்ள எனக்கு மனசு ஒப்பவில்லை. பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் ஆள் விட்டுக் கேட்டதற்கு, "துணிக்குள்ள மறைஞ்சிருந்தா ஒண்ணும் இல்ல, தாராளமா தொழலாம்" என்றுதான் சொன்னார். அவர் சொன்னாலும் எனக்குச் சரிப்படவில்லை. ஒரு ராசாவை நெஞ்சில் தொங்கவிட்டுக்கொண்டு இன்னொருவன் முன்னால் நெற்றியை வைப்பது என்னவோ போல் இருந்தது. அரத்தால் அந்தப் பக்கத்தை மட்டும் ராவிவிடலாம் என்று உன் அத்தா யோசனை சொன்னார். பெரியவர் உயிரைப் பணயம் வைத்து வாங்கியதை அரத்தால் ராவ நான் யார்? ஆக, ஒவ்வொரு தொழுகைக்கும் கருகமணியின் கொக்கியிலிருந்து மெடலைக் கழற்றுவேன், முடிந்ததும் மாட்டுவேன். மாட்ட மறந்த நாளில் வீடே தலைகீழாகும். அரிசி டப்பா மேல், ஊறுகாய் ஜாடி மூடியில், தையல் மிஷின் இழுப்பறையில், ஃபிரிட்ஜில் முட்டை வைக்கிற குழியில் என்று அது போகாத இடம் கிடையாது. "ராசா ஊர்வலம் போயிட்டாரு, தேடுங்கடா" என்று உன் அத்தா கடையிலிருந்து வந்ததும் வராததுமாகக் குரல் கொடுப்பார். உன் பாதி விளையாட்டே அதைத் தேடுவதுதான்.

மகாபலிபுரம் போனது ஞாபகம் இருக்கிறதா? நீ அரை டிராயர் போட்ட வயது. கடற்கரையில் அஸர் தொழுகை நேரம் வந்துவிட்டது. நான் முசல்லாவை மணலில் விரித்தேன். மெடலை எங்கே வைப்பது என்று தெரியாமல், உன் கையில் இருந்த கடலைப் பொட்டலத்துக்குள் போட்டு, "பத்திரம்" என்று சொல்லிவிட்டுத் தக்பீர் கட்டித் தொழ ஆரம்பித்துவிட்டேன். தொழுது முடித்து சலாம் கொடுத்துத் திரும்பிப் பார்த்தால் நீ கடலையை வாய் நிறைய அடைத்துக்கொண்டு, எதையோ கடிக்க முடியாமல் முழி பிதுங்கி நிற்கிறாய். உன் அத்தா உன் முதுகில் ஒன்று வைத்தார், ராசா மணலில் வந்து விழுந்தார். கப்பலையே கரை தட்ட வைத்த கடலில் இறங்கிப் பெரியவர் வாங்கிய மெடல், உன் வயிற்றுக்குத் தப்பியது பெரிய விஷயம். திரும்பி வருகிற பஸ்ஸில் திருக்கழுக்குன்றம் வரைக்கும் சிரித்துக்கொண்டே வந்தோம். இப்படி எத்தனையோ தடவை தொலைந்தும் அது எனக்கு ஒருநாளும் பயம் தந்ததில்லை. நம் வீட்டுக்குள் தொலைந்தது நம் வீட்டுக்குள்தான் இருக்கும். பயம் வந்தது அடுத்தவர் வீட்டில் தொலைந்தபோதுதான்.

உன் நிக்காஹுக்கு ஒரு வாரம் இருக்கும்போது சேலை கொடுத்துவிட்டு வர நானும் உன் அத்தாவும் கோவளத்துக்குப் போனோம். உண்மையைச் சொல்கிறேன், அந்தச் சம்பந்தத்தில் எனக்கு அரை மனசுதான். செங்கல்பட்டு பஜாரில் பெயர் சொன்னால் தெரிகிற கடைக்காரர் வீடு நம்முடையது. ஷமீமாவின் அத்தாவோ திருவிடந்தை பக்கத்தில் ரோட்டோரம் பரோட்டா கடை போட்டிருந்தார். பெண் நன்றாக இருக்கிறாள், படித்திருக்கிறாள், உனக்குப் பிடித்திருக்கிறது. அதற்கு மேல் சொல்ல வாய் இல்லாமல் சரி என்றிருந்தேன். இந்த அரை மனசைக் குறித்து வைத்துக்கொள். அதற்குப் பிறகு நான் நினைத்த அத்தனையும் இந்த அரை மனசிலிருந்துதான் முளைத்தது.

அவர்கள் வீட்டில் இருக்கும்போதே அஸர் பாங்கு சொன்னார்கள். உள் அறையில் இடம் ஒழித்துக் கொடுத்தார்கள். என் சம்பந்தி அம்மாள் டிரங்குப் பெட்டியைத் திறந்து, தொழும்போது போர்த்திக்கொள்ள ஒரு வெள்ளைத் துப்பட்டியை எடுத்துத் தந்தாள். விருந்தாளிகளுக்கென்றே மடித்து வைத்தது, அந்துருண்டை வாசனை அடித்தது. மெடலைக் கழற்றினேன். தொழுதேன். ஷமீமா ஓரமாக நின்று, சுவரில் பதித்த அலமாரியிலிருந்து சீப்பை எடுத்துத் தலையை வாரிக்கொண்டு வெளியே போனாள். பிறகு டீ வந்தது, சேலையைப் பிரித்துப் பார்த்தார்கள், பேச்சும் சிரிப்புமாக நேரம் போனதே தெரியவில்லை. கடைசி பஸ்ஸை விட்டுவிடக் கூடாதே என்று அவசரமாகக் கிளம்பிவிட்டோம்.

வீட்டுக்கு வந்து, தொழுவதற்கு மெடலைக் கழற்றலாம் என்று கழுத்தில் கை வைத்தால் வெறும் கொக்கிதான் இருந்தது.

எங்கே கழற்றினேன் என்பது நன்றாக ஞாபகம் இருந்தது. மாட்டியது ஞாபகம் இல்லை. கண்ணை மூடினேன். அந்தச் சுவர் அலமாரி தெரிந்தது, சீப்பு தெரிந்தது, சீப்புக்குப் பக்கத்தில் மெடல் பளிச்சென்று தெரிந்தது. நானே என் கையால் வைத்தது போல அவ்வளவு தெளிவாகத் தெரிந்தது. அந்த அலமாரியிலிருந்து சீப்பை எடுத்தது யார்? ஷமீமா. இதற்கு மேல் யோசிக்க என்ன இருக்கிறது?

உடனே போனை எடுத்தேன். உன் அத்தா கையை வைத்து அழுத்திவிட்டார். "இன்னான்னு கேக்கப் போற?" என்றார். "என் மெடல் இன்னா ஆச்சுன்னு." "அது கேக்கறதா, கொடுங்கன்னு கழுத்தப் புடிக்கறதா? ஒன் கொரல் எனக்கே நல்லா இல்ல. நாளைக்கு மனசு ஆறினதும் பேசு." அந்தக் குரலில் நான் அன்று பேசியிருந்தால் சம்பந்தமே அறுந்திருக்கும். அதுவரைக்கும் அவர் செய்தது சரி. தப்பு எங்கே நடந்தது என்றால், மறுநாள் நான் கேட்கவே இல்லை. அதற்கு அடுத்த நாளும் கேட்கவில்லை. மனசுக்குள் வைத்து வைத்து அது ஊறிப் புளித்துவிட்டது. அன்றைக்கே சாதாரணமாக, "சம்பந்தி, மெடலை அங்கேயே விட்டுட்டு வந்துட்டேன் போல, கொஞ்சம் பாருங்க" என்று சொல்லியிருந்தால் அது வெறும் கேள்வி. நாள் போகப் போக அதே கேள்வி பழியாக மாறிவிட்டது, அதை எப்படி எடுப்பது என்றே எனக்குத் தெரியவில்லை.

அந்த ஒரு வாரம் நீ புதுச் சட்டை தைத்துக்கொண்டு, சிநேகிதர்களுக்குப் பத்திரிகை வைத்துக்கொண்டு சந்தோஷமாகத் திரிந்தாய். நான் உன் முகத்தைப் பார்க்கவே கூசினேன். என் பிள்ளை ஒரு கைநீளக்காரியைக் கட்டிக்கொள்ளப் போகிறான் என்றே முடிவு கட்டிவிட்டேன். இதில் வேடிக்கையைக் கேள். நிக்காஹ் அன்று கருகமணியோடு சேர்த்து அந்த மெடலை மருமகள் கழுத்தில் போடுவது என்று நான் எப்போதோ தீர்மானித்திருந்தேன், யாரிடமும் சொல்லவில்லை. அவளுக்கே வரப்போகிற பொருளை அவள் எடுத்துக்கொண்டாள் என்று நான் ராத்திரி பகலாகப் புழுங்கிக்கொண்டிருந்தேன். உன் அத்தா இரண்டொரு தடவை, "கல்யாணம் முடியட்டும், அப்புறம் பொறுமையா பேசிக்கலாம்" என்றார். அவர் சொல்லச் சொல்ல எனக்கு ஆத்திரம்தான் கூடியது.

நிக்காஹ் அன்று கோவளத்து மண்டபத்துக்கு ஒரு முடிவோடுதான் வந்தேன். லுஹர் தொழுகை முடிந்ததும் நிக்காஹ். நான்தான் கருகமணி கட்ட வேண்டியவள். தொழுத கையோடு சம்பந்தி அம்மாளைத் தனியாகக் கூப்பிட்டு, "ஒங்க பொண்ணு எடுத்த மெடலைக் கொடுக்கச் சொல்லுங்க, இல்லன்னா நான் கருகமணி கட்ட மாட்டேன்" என்று கேட்டுவிடுவது. வார்த்தையைக்கூட மனசில் கோத்து வைத்திருந்தேன். கேட்டிருந்தால் அந்த மனுஷி பதில் பேசியிருக்க மாட்டாள், பெண்ணைக் கையைப் பிடித்து எழுப்பி வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போயிருப்பாள். அவளை நன்றாகத் தெரிந்த பிறகு சொல்கிறேன், நிச்சயம் அதைத்தான் செய்திருப்பாள்.

பெண்கள் பகுதியில் ஓர் அறையில் தொழ இடம் செய்திருந்தார்கள். சம்பந்தி அம்மாள் சிரித்துக்கொண்டே வந்து, "ஒங்களுக்குன்னு தனியா எடுத்தாந்தேன்" என்று அதே வெள்ளைத் துப்பட்டியை நீட்டினாள். அந்துருண்டை வாசனை அப்படியே இருந்தது. முகம் கொடுக்காமல் வாங்கிப் போர்த்திக்கொண்டு நின்றேன். குனிந்தபோது துப்பட்டியின் முனை ஆடி வந்து முழங்காலில் டொக்கென்று மோதியது. ஏதோ ஊக்கு என்று நினைத்தேன். சஜ்தாவுக்குப் போனபோது அது முழங்காலுக்கு அடியில் மாட்டிக்கொண்டு அழுத்தியது. வட்டமாக, கெட்டியாக இருந்தது. மேலே ஒரு சின்ன வளையம்.

நெற்றி தரையில் இருக்கும்போதே எல்லாம் திரும்பி வந்தது. அலமாரியும் இல்லை, சீப்பும் இல்லை. அடுத்தவர் வீட்டில் கண்ட இடத்தில் வைக்க வேண்டாம் என்று மெடலைத் துப்பட்டி முனையில் வைத்து, நானே இறுக்கி முடிச்சுப் போட்டிருந்தேன். தொழுது முடிந்ததும் துப்பட்டியை அப்படியே மடித்துக் கையில் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டேன். அவர்களும் பிரிக்காமல் பெட்டியில் வைத்துவிட்டார்கள். அல்லாஹ்வே என்று கத்த வேண்டும் போல் இருந்தது. கத்தினால் தொழுகை முறிந்துவிடும். சிரித்தாலும் முறிந்துவிடும். ராசாவைத் துணிக்குள் மறைத்துக்கொண்டு, ஹஜ்ரத் சொன்னபடியே, மிச்சத் தொழுகை முழுக்க உதட்டைக் கடித்துக்கொண்டு தொழுதேன். கண்ணீர் மட்டும் கேட்காமல் வடிந்துகொண்டிருந்தது. என் ஆயுளில் அவ்வளவு நிம்மதியாக நான் எதற்கும் அழுததில்லை.

சலாம் கொடுத்ததும் முடிச்சை அவிழ்க்கப் பார்த்தேன். நான் போட்ட முடிச்சு எனக்கே அவிழவில்லை. பல்லால் இழுத்துக்கொண்டிருந்தபோது சம்பந்தி அம்மாள் வந்துவிட்டாள். "இன்னா சம்பந்தி, இன்னா ஆச்சு? அங்க ஹஜ்ரத் வந்து குந்திகினாரு, நீங்க இங்க அழுதுகினு கீறீங்க?"

"முடிச்சு அவுரல" என்றேன். வேறு என்ன சொல்வது?

அவள் உட்கார்ந்து, நகத்தை விட்டு நிதானமாக அவிழ்த்தாள். மெடல் அவள் உள்ளங்கையில் விழுந்தது. திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அவள் முகத்தில் சிரிப்பு மெல்ல மெல்லப் போய்விட்டது.

"ஒரு வாரமா இது எங்க வூட்லியா இருந்திச்சு?"

"ஆமா."

"தேடலியா நீங்க?"

"தேடினேன். எங்க வூட்ல."

"எங்கள ஏன் கேக்கல?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவள் புரிந்துகொண்டாள். அவள் எழுந்து போயிருந்தாலும் நியாயம்தான். அவள் மெடலைத் தன் முந்தானையில் துடைத்து என் கையில் வைத்தாள். "அன்னிக்கே தொவைச்சிருந்தா அன்னிக்கே தெரிஞ்சிருக்கும். ஒரு தபா போத்தினதுக்கு எதுக்குத் தொவைக்கறதுன்னு சோம்பேறித்தனமா மடிச்சி வெச்சிட்டேன், எம்மேலயும் தப்பு கீது" என்றாள். பிறகு என் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டு, "எழுந்திருங்க, புள்ளைங்க காத்துகினு கீதுங்க" என்றாள். அன்று நிக்காஹ் தாமதமானதற்கு இதுதான் காரணம். அம்மா அலங்காரம் பண்ணிக்கொண்டு நேரத்தைப் போக்கினாள் என்று நீ இன்றுவரைக்கும் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாய்.

ஷமீமாவுக்குக் கருகமணி கட்டி, அதில் மெடலைக் கோத்துவிட்டேன். அவள் குனிந்து அதைப் பார்த்துவிட்டு, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "மாமி, அன்னிக்கு நீங்க போட்டுகினு வந்ததுதானே இது? போகும்போது கழுத்துல காணோமேன்னு பாத்தேன். கேட்டா தப்பா நெனப்பீங்களோன்னு கேக்கல" என்றாள். கேட்டாயா மகனே? அவளும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. இரண்டு பேர் வாயைத் திறந்திருந்தால் அரை நிமிஷத்தில் தீர்ந்திருக்கும். அவள் மரியாதைக்காக வாயை மூடிக்கொண்டாள், நான் மனசில் விஷத்தை வைத்துக்கொண்டு மூடிக்கொண்டேன். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும்.

அவளைச் சந்தேகப்பட்டதை அந்த வருஷ ரமலானில் நானே அவளிடம் சொல்லிவிட்டேன். நோன்புக் கஞ்சி கிண்டிக்கொண்டிருந்தோம். கேட்டுவிட்டுக் கரண்டியைச் சுழற்றிக்கொண்டே இருந்தாள். பிறகு, "நல்லவேள மாமி, கேக்காம இருந்தீங்க. கேட்டிருந்தா இன்னிக்கு ஒங்க கஞ்சியில உப்ப அள்ளிப் போட்டிருப்பேன்" என்றாள். அன்றிலிருந்து அவள் எனக்கு மகள். ஒரு மாமியார் இதை எழுத்தில் கொடுக்கிறாள், பத்திரமாக வைத்துக்கொள்.

எனக்கு அந்த வாரத்தில் பயமாக இருந்தது எது தெரியுமா? மெடல் தொலைந்தது அல்ல. சீப்புக்குப் பக்கத்தில் மெடல் இருந்ததை நான் பார்த்தேன் என்று குர்ஆன் மேல் கை வைத்துச் சொல்லியிருப்பேன். இல்லாத ஒன்றை என் கண்ணே எனக்கு அவ்வளவு தெளிவாகக் காட்டியது. எனக்கு யார் மேல் அரை மனசோ, என் கண் அவர்கள் பக்கம் கையைக் காட்டியது. நேற்று நீ, "அவ அந்த ரூம்ல ரொம்ப நேரம் இருந்தாம்மா, நான் பாத்தேன்" என்றாய். எனக்கு அந்தச் சீப்புதான் ஞாபகம் வந்தது. பெருக்க வந்தவள் அறையில் இருக்காமல் வேறு எங்கே இருப்பாள்? அதனால்தான் அப்படிக் கத்தினேன். நீ இனிமேல் எத்தனையோ பொருளைத் தொலைப்பாய், எத்தனையோ பேரோடு பழகுவாய். தொலைந்த அன்றே, மனசில் ஒன்றும் ஊறுவதற்கு முன்னாலேயே, "காணோம், பாத்தீங்களா" என்று வெள்ளையாகக் கேட்டுவிடு. அப்படிக் கேட்க முடியாமல் நாக்கு கசக்கிறது என்றால், கசப்பு போகிற வரைக்கும் வாயைக் கட்டு. நான் உனக்குச் சொல்லக்கூடியது இவ்வளவுதான், இதைக் கற்றுக்கொள்ள எனக்கு ஒரு கல்யாணமே தேவைப்பட்டது.

இன்று காலை "கெடச்சிடுச்சு" என்றாயே தவிர, எங்கே கிடைத்தது, யார் கண்டெடுத்தது என்று நீ சொல்லவில்லை. நான் கேட்டதற்கு, "வூட்லதாம்மா இருந்திச்சு" என்று மழுப்பிவிட்டு என் கூச்சலுக்குக் காரணம் கேட்டாய். நீ சொல்லாததை உன் பெண்டாட்டி பிறகு போன் செய்து ஒன்று விடாமல் சொல்லிவிட்டாள். முதலில் துப்பட்டி முனையைத்தான் தடவிப் பார்த்தாளாம், கள்ளி. அங்கே இல்லை. காலையில் வசந்தா வந்ததும், "என் மெடலைக் காணோம் வசந்தா, எங்கனா பாத்தியா?" என்று கேட்டாளாம். அவள், "இல்லியேக்கா, இரு, பெருக்கறச்ச பாக்கறேன்" என்று கட்டிலுக்கு அடியெல்லாம் குனிந்து தேடினாளாம். பிறகு துணி வாளியைத் தூக்கிக்கொண்டு போனவள் கொஞ்ச நேரத்தில், "யக்கா, தலகாணி ஒறைக்குள்ள இன்னாவோ கெட்டியா கீது, ஓடியா" என்று குரல் கொடுத்தாளாம். படுக்கும்போது கழற்றித் தலைமாட்டில் வைத்தது உறைக்குள் நழுவியிருக்கிறது. ஈரக் கையோடு ராசாவைத் தூக்கிப் பிடித்து, "யாருக்கா இந்த தாடிக்காரரு? பாத்தா பெரிய எடத்து ஆளு மாரி கீறாரு" என்று சிரித்தாளாம்.

நேற்று நீ படி இறங்கியிருந்தாலும் மெடல் கிடைத்திருக்கும், மகனே. வசந்தா இன்று வேலைக்கு வந்திருக்க மாட்டாள், அந்த உறையை ஷமீமாவே துவைத்திருப்பாள், அவள் கைக்குத் தட்டுப்பட்டிருக்கும். மெடலைக் கையில் வைத்துக்கொண்டு நீங்கள் இரண்டு பேரும் என்ன செய்திருப்பீர்கள்? அவள் வீட்டு வாசலில், அவள் புருஷன், பிள்ளைகள், அக்கம்பக்கத்தார் முன்னால் நீ சொன்னதை எப்படித் திரும்ப எடுத்திருப்பாய்? அதை நினைத்துத்தான் காலையில் அடுப்படியில் உட்கார்ந்துவிட்டேன். ராசா கிடைத்ததற்கு இல்லை.

ஷமீமா இன்னொன்றும் சொன்னாள். வசந்தா சிரித்துக்கொண்டிருந்தபோது நீ கதவோரமாக வந்து நின்றாயாம். மெடலைப் பார்க்கவில்லையாம், அவளையே பார்த்துக்கொண்டு நின்றாயாம். வசந்தா, "இன்னா சார்?" என்று கேட்டதற்கு ஏதோ சொல்ல வந்து, அதை விட்டுவிட்டு, "டீ குடிச்சியா வசந்தா?" என்றாயாம். அவள் உங்கள் வீட்டுக்கு வர ஆரம்பித்து இத்தனை நாளில் நீ அவளை ஏதாவது கேட்டது இன்றுதானாம்.

துஆவுடன்,
உன் அம்மா